குடும்பப் படத்தில் தன்னை மறைத்து வாழும் தன்பாலீர்ப்பாளர்: அந்தப் பாத்திரத்தை எப்படி எழுதுவது?

கேள்வி: "குடும்பக் கதை ஒன்றுக்குத் திரைக்கதை எழுதுகிறேன். கதை 2024இல் நடக்கிறது. நாயகனுக்கு 48 வயது. மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், வயதான அப்பா, அம்மா. அவர் தன்பாலீர்ப்பாளர், யாரிடமும் சொன்னதில்லை. மூன்று வரைவு எழுதிவிட்டேன். உண்மை வெளிப்படும் காட்சி ஒவ்வொரு முறையும் நாடகத்தனமாக வருகிறது. அதற்கு முந்தைய பகுதி முழுக்க அவர் வெறும் சோகமான மனிதராகவே இருக்கிறார். மலையாளத்தில் 'காதல்: தி கோர்' இதை எப்படிச் சாதித்தது? நான் எங்கே தவறுகிறேன்?"

பதில்: அந்த வெளிப்படும் காட்சியைத் திரும்பத் திரும்ப எழுதுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். கோளாறு அதற்கு வெளியே இருக்கிறது. உங்கள் கதைப்படி உண்மை அவர் ஒருவரிடம் மட்டுமே இருந்தது, வீட்டில் மற்ற நால்வரும் ஒன்றும் அறியாதவர்கள், ஒரு நாள் அது வெடிக்கிறது. குடும்பத்துக்குள் ரகசியம் அப்படி இருப்பதில்லை. ஒரு வீட்டில் இருபது வருடம் ஒரு விஷயம் மறைந்தே இருக்கிறது என்றால், அதை மறைக்க அந்த வீடே சேர்ந்து பாடுபட்டிருக்கிறது. சிலர் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்திருப்பார்கள். சிலர் கேட்க வேண்டிய கேள்வியை நாக்கு நுனிவரை கொண்டுவந்து விழுங்கியிருப்பார்கள். அந்த உழைப்பை நீங்கள் எழுதவில்லை. அதனால்தான் அவர் காரணம் தெரியாமல் முகம் வாடியவராகத் தெரிகிறார்.

'காதல்: தி கோர்' 2023 நவம்பர் 23 அன்று வெளியானது. ஜியோ பேபி இயக்கம். ஆதர்ஷ் சுகுமாரன், பால்சன் ஸ்கரியா எழுத்து. அந்த ஆண்டுக்கான கேரள அரசின் சிறந்த படத்துக்கான விருதும் அதற்குத்தான். கோட்டயம் மாவட்டத்துத் தீக்கோய் என்ற ஊரில் கதை நடக்கிறது. மேத்யூ தேவஸி (மம்மூட்டி) உள்ளாட்சி இடைத்தேர்தலில் இடதுசாரி வேட்பாளராக நிற்கிறார். அதே சமயம் மனைவி ஓமனா (ஜோதிகா) விவாகரத்து கேட்டு வழக்குப் போடுகிறார். மனுவில் காரணம் எழுதப்பட்டிருக்கிறது: கணவர் தன்பாலீர்ப்பாளர், அவருக்குத் தங்கன் என்ற ஆணோடு உறவு இருக்கிறது.

இது படத்தின் முதல் பகுதியிலேயே வந்துவிடுகிறது. உங்கள் வரைவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் கடைசிவரை பொத்திவைப்பதை அவர்கள் ஆரம்பத்திலேயே மேசைமேல் வைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு பார்வையாளருக்கு 'இவர் யார்' என்ற கேள்வியே கிடையாது. 'தெரியும் என்று யார் ஒப்புக்கொள்ளப் போகிறார்கள்' என்பதுதான் கேள்வி. படத்தின் பெரிய திருப்பம் மேத்யூவின் வாயிலிருந்து வருவதில்லை. அதுவரை அதிகம் பேசாத அப்பா தேவஸி நீதிமன்றத்தில் ஓமனா சொல்வது உண்மைதான் என்கிறாரே, அங்கேதான் படம் திரும்புகிறது. மகனைப் பற்றி அவருக்குத் திருமணத்துக்கு முன்பே தெரியும். ஆக மேத்யூவிடமும் ஓமனாவிடமும் தேவஸியிடமும் ஒரே உண்மை தனித்தனியாக இருந்திருக்கிறது. மூவரும் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறார்கள். வழக்கு நடக்கும்போதும் ஓமனா அதே வீட்டில்தான் இருக்கிறார். படத்தை இழுத்துச் செல்லும் விசை இதுதான்.

உங்கள் கதைக்கு இதைக் கொண்டுவர, ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் வீட்டு ஆட்களின் பெயர். தங்கை, மைத்துனர், பக்கத்து வீடு, அலுவலக நண்பர் என்று ஏழெட்டுப் பேர்வரை போகலாம். மேலே காட்சி எண்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கில் ஒன்றை எழுதுங்கள்: 'தெரியாது', 'சந்தேகம்', 'தெரியும், ஆனால் காட்டிக்கொள்வதில்லை', 'தெரியும், பேசியாயிற்று'. எழுதி முடித்ததும் மூன்றாவது நிலையில் எத்தனை பேர், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்கள் வரைவில் அது பூஜ்யம். எல்லோரும் 'தெரியாது' என்பதிலிருந்து ஒரே தாவலில் 'பேசியாயிற்று' என்பதற்குப் போகிறார்கள். நாடகத்தனம் என்று நீங்கள் உணர்வது அந்தத் தாவலைத்தான். குடும்பப் படத்தின் சரக்கு முழுவதும் மூன்றாவது நிலையில்தான் இருக்கிறது.

மனைவியிலிருந்து தொடங்குங்கள். இருபத்திரண்டு வருடம் ஒரே அறையில் படுத்தவள் 'தெரியாது' நிலையில் இருக்கவே முடியாது. ஒன்று சரியில்லை என்பது அவளுக்குத் தெரியும். அது என்னவென்று தானாக ஒரு விளக்கத்தைச் செய்துகொண்டிருப்பாள். இரண்டாம் வருடத்தில் 'நான் அழகில்லை'. மகன் பிறந்த பிறகு 'உடம்பு போட்டுவிட்டேன்'. எட்டாம் வருடத்தில் 'வேறு யாரோ ஒருத்தி இருக்கிறாள்'. பதினைந்தாம் வருடத்தில் 'அவருக்குச் சர்க்கரை'. இடையில் 'என் வீட்டுக்காரர் எவ்வளவு நல்ல மனுஷர், ஒரு தொந்தரவு கிடையாது' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலமும் இருந்திருக்கும். இந்த விளக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைவதுதான் அவளுடைய கதை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்சி, அல்லது ஒரு பொருளாவது வேண்டும்: பிரிக்காமலே வைத்த புடவை, டாக்டர் சீட்டு, அவர் பையைத் துழாவியதில் கிடைத்த ஒன்றுமில்லாத பேருந்துச் சீட்டு. 'காதல்' படத்து நீதிமன்றத்தில் இருபது வருடத்தில் நான்கே முறை உடலுறவு என்ற எண்ணிக்கை சொல்லப்படுகிறது. ஓமனா அழுதுகொண்டே ஒரு பக்க வசனம் பேசியிருந்தாலும் அந்த எண் செய்ததைச் செய்திருக்காது. உங்கள் கதையிலும் அப்படி ஒரு துல்லியம் வேண்டும்.

அப்பா, அம்மாவுக்கு வேறு கணக்கு. பெரும்பாலும் கல்லூரிக் காலத்தில் ஏதோ ஒன்று நடந்திருக்கும். அடிக்கடி வந்துகொண்டிருந்த நண்பன் திடீரென்று வராமல் போயிருப்பான்; ஏன் என்று வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதற்கு ஆறு மாதம் கழித்து ஜாதகம் வெளியே போயிருக்கும். 'கால்கட்டு போட்டால் சரியாகிவிடும்' என்பது நம் ஊரில் பழக்கமான வாக்கியம். அதைச் சொன்னவர் யார் என்று முடிவு செய்யுங்கள். அவரே இந்தக் கதையின் இரண்டாவது முக்கியப் பாத்திரம். 1993இல் ஆங் லீ எடுத்த 'தி வெட்டிங் பேங்க்வெட்' படத்திலும் அப்பாவுக்கு எல்லாம் தெரியும். மகனின் துணைவரிடம் மட்டும் தனியாக அதைச் சொல்லி, சிவப்பு உறையில் பணமும் தந்து, மற்றவர்களிடம் சொல்லாதே என்கிறார். தெரியாததுபோல் இருந்ததால்தான் அவருக்குப் பேரக்குழந்தை கிடைக்கிறது. அதாவது அவருடைய மௌனத்துக்கு ஒரு லாபம் இருக்கிறது. உங்கள் கதையில் மௌனமாக இருக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் என்ன லாபம் என்று கேளுங்கள். சொத்தா, தங்கையின் கல்யாணமா, சாதிசனத்தின் முன் கௌரவமா, இல்லை வெறும் நிம்மதியா? லாபம் இல்லாத மௌனத்தைப் பார்வையாளர் நம்பமாட்டார்.

இனி நாயகன். மறைத்து வாழ்பவர் சோகமாகத் தெரியமாட்டார். பெரும்பாலும் திறமையானவராகத் தெரிவார். மறைப்பதற்கு ஞாபகசக்தி வேண்டும், சமயோசிதம் வேண்டும், யாரும் குறை சொல்ல முடியாத நடத்தை வேண்டும். தங்கை கல்யாணத்துக்கு முழுக் கடனையும் தன் தலையில் போட்டுக்கொண்டவர், பத்திரப்பதிவு என்றால் முதல் ஆளாக நிற்பவர், எல்லோர் பிறந்தநாளையும் நினைவில் வைத்திருப்பவர் என்று யோசியுங்கள். 2016இல் வந்த 'கபூர் அண்ட் சன்ஸ்' படத்தில் ஃபவாத் கான் நடித்த ராகுல் அந்த வீட்டின் குறையே இல்லாத பிள்ளை. கதை நம்ம குன்னூரில் நடக்கிறது. குறையில்லாதவனாக இருப்பதே அவன் போர்வை. அந்தப் போர்வையின் பாரமும் படத்தில் தெரிகிறது. மேத்யூவும் அப்படித்தான்: ஊரே மதிக்கிற ஆள் என்பதால்தான் கட்சி அவரை நிறுத்துகிறது. அவர் சேர்த்துவைத்த மதிப்பே அவருக்குப் பொறியாகிறது. உங்கள் நாயகனைத் தனியாக மொட்டைமாடியில் உட்காரவைத்து வானத்தைப் பார்க்கவைக்கும் காட்சிகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒன்றை விட்டுவிட்டு மீதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவர் ஒரு வேலையைக் கச்சிதமாகச் செய்து முடிக்கும் காட்சியை வையுங்கள்.

மறைப்பதன் அன்றாட நுணுக்கமும் வேண்டும். போன் எப்போதும் கவிழ்த்தே இருக்கும். அந்த நபரின் பெயர் 'ஏசி மெக்கானிக்' என்றோ 'சேகர் எல்ஐசி' என்றோ பதிவாகியிருக்கும். யாராவது எடுத்துப் பார்த்தாலும் சந்தேகம் வராத பெயர். மாதம் ஒருமுறை வெளியூர்க் கூட்டம். தெரிந்தவர் யாரும் இல்லாத ஊர். டிக்கெட் எப்போதும் ரொக்கத்தில், ஏனென்றால் வங்கிக் குறுஞ்செய்தி மனைவி போனுக்கும் போகிறது. வீட்டில் சிரிப்பதற்கும் அங்கே சிரிப்பதற்கும் வித்தியாசம் இருக்கும். நடிகருக்கு நீங்கள் எழுதித் தர வேண்டிய உடல்மொழி அதுதான்: இங்கே காவல், அங்கே காவல் இறங்கிய உடம்பு. கைவீச்சு, இடுப்பு, குரல் என்று எதையும் குறிப்பில் எழுதாதீர்கள். அந்தப் பழைய நகைச்சுவைப் பாணி ஒரு விநாடி தலைகாட்டினாலும் அரங்கம் சிரித்துவிடும், பிறகு படம் மீளாது.

அவருடைய வயதுக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 2024இல் 48 என்றால் 1976இல் பிறந்தவர். இளமையில் பூங்கா, பழைய தியேட்டர், பேருந்து நிலையம். 2000ஐ ஒட்டி பிரவுசிங் சென்டரும் யாஹூ அரட்டை அறைகளும். கைபேசிச் செயலிகளெல்லாம் பிறகு வந்தவை. தன்பாலீர்ப்பாளர்கள் பழகுவதற்கான 'கிரைண்டர்' (Grindr) செயலியே 2009இல்தான் தொடங்கியது. திருமணம் 2002 வாக்கில் என்று வைத்தால், அன்றைக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவு நடைமுறையில் இருந்தது. அவர் குற்றவாளி என்று சட்டம் சொன்ன காலத்தில் மணமேடை ஏறியவர். 2009 ஜூலை 2 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், சம்மதத்தோடு வயது வந்தோர் தனிமையில் கொள்ளும் உறவுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்றது. அப்போது அவருக்கு 33. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது; 37. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றமே அந்தக் குற்றத்தை நீக்கியது; 42.

அந்த செப்டம்பர் 6 அன்று மாலை ஒரு காட்சி எழுதிப் பாருங்கள். கூடத்தில் தொலைக்காட்சியில் செய்தி ஓடுகிறது. மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். அப்பா சாய்வு நாற்காலியில். மகனுக்குப் பதினான்கு, பதினைந்து வயது. யார் ரிமோட்டை எடுக்கிறார்கள்? யார் 'நாடு எங்க போகுது' என்கிறார்கள்? இவர் எதைப் பார்க்கிறார்? அறுபது விநாடிக் காட்சி, ஒரு வரி வசனம்கூட அவருக்கு வேண்டாம். அந்த வீட்டின் முழுக் கட்டமும் அதில் தெரிந்துவிடும். இந்தப் பொருளை எடுத்துக்கொண்டு அந்த நாளைத் தொடாமல் விடுவது பெரிய நஷ்டம்.

இதோடு சேர்ந்த ஒரு குறை 'காதல்' படத்திலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். மேத்யூவின் பயம் நமக்குத் தெரிகிறது, குற்றவுணர்வு தெரிகிறது. அவருடைய ஆசை தெரிவதில்லை. தங்கனும் அவரும் சேர்ந்து இருக்கும் நேரம் மிகக் குறைவு, பழைய நாட்களைக் காட்டும் காட்சிகளும் இல்லை. அந்த அடக்கம் படத்துக்கு ஒரு கண்ணியத்தைத் தந்தது, குடும்பங்களைத் திரையரங்குக்கு வரவைத்தது, மறுக்கவில்லை. ஆனால் அதையே நீங்களும் செய்தால் தன்பாலீர்ப்பு என்பது வெறும் மனுவில் எழுதிய ஒரு சொல்லாக நின்றுவிடும். முத்தம் வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் எதிரே ஒருவர் சட்டைக் கையை மடித்துவிடுவதை அவர் பார்க்கிற பார்வை போதும். பிடித்த குரல், காத்திருக்கும் கிழமை, இருவரும் ஒரே தட்டில் சாப்பிடும் ஒரு பரோட்டா. மனிதருக்கு எது சந்தோஷம் என்று காட்டினால்தான் இருபத்திரண்டு வருடம் எதை இழந்தார் என்று புரியும்.

அந்த இன்னொருவரும் முழு மனிதராக இருக்கட்டும். தங்கன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். மேத்யூவைவிட வசதியும் பாதுகாப்பும் குறைந்தவர். வழக்குச் செய்தி பரவியதும் மேத்யூவை ஊர் நேரில் கேட்கத் தயங்குகிறது, தங்கனை முகத்துக்கு நேரே கேலி செய்கிறது. குடும்பப்பெயர், சொத்து, கட்சி எல்லாம் மேத்யூவுக்குக் குடையாக நிற்கின்றன, தங்கன் நனைகிறார். ரகசியத்தின் விலையை எல்லோரும் சமமாகக் கொடுப்பதில்லை என்பதை அந்தப் படம் துல்லியமாகப் பிடித்திருக்கிறது. உங்கள் கதையில் அவருக்கு வேலை என்ன, வீட்டில் யார், இது வெளியே வந்தால் அவர் இழப்பது என்ன என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அவரை மிரட்டுபவராகவோ, கெடுக்க வந்தவராகவோ எழுதினால் பழி முழுக்க அவர்மேல் போய், உங்கள் நாயகன் பாதிக்கப்பட்ட அப்பாவியாகத் தப்பிவிடுவார். அது பொய்யான கதை. செயலியில் பழகி மிரட்டிப் பணம் பறிப்பது உண்மையிலேயே நடக்கிறது; கதைக்கு அது தேவையென்றால் செய்பவர் வேறு ஆளாக இருக்கட்டும். 2018க்குப் பிறகு காவல் நிலையத்துக்குப் போக அவருக்குச் சட்டத் தடை இல்லை, ஆனால் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்பதால் போகமாட்டார் என்பதையும் மறக்காதீர்கள்.

காரணம் தேடாதீர்கள். சின்ன வயதில் யாரோ தொட்டார்கள், அப்பா கண்டிப்பானவர், அம்மா செல்லம் கொடுத்தார் என்றெல்லாம் வரைவில் இருந்தால் அடித்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மனநல மருத்துவரிடம் 'சரிசெய்ய' அழைத்துப்போகும் காட்சி வைத்தால் ஆண்டைப் பாருங்கள்: 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த 'மாற்று சிகிச்சை'களைத் தடை செய்தார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. 1998இல் நடப்பதாக எழுதினால் அந்த மருத்துவர் சாதாரண மனிதர். 2024இல் எழுதினால் அவர் தெரிந்தே விதியை மீறுகிறவர். இரண்டும் வேறு வேறு காட்சி.

விவாகரத்துக்குப் போவதாக இருந்தால் சட்டத்தைச் சரியாக வையுங்கள், ஏனென்றால் அதற்குள்ளேயே நாடகம் இருக்கிறது. கணவர் தன்பாலீர்ப்பாளர் என்பது மட்டுமே தனியாக ஒரு விவாகரத்துக் காரணமாக எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. இந்துக் குடும்பமென்றால் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் 13ஆம் பிரிவு. வழக்கறிஞர் பெரும்பாலும் 'கொடுமை' என்ற காரணத்தில்தான் மனு எழுதுவார். அதற்குத் தேதி, சம்பவம், எண்ணிக்கை எல்லாம் கேட்பார். அதே பிரிவில் மனைவிக்கு மட்டும் தனியாக ஒரு வழி இருக்கிறது: கணவன் வன்புணர்வு, ஆணோடு புணர்ச்சி, விலங்கோடு புணர்ச்சி ஆகியவற்றில் குற்றவாளி என்றால் மனு செய்யலாம். மூன்றும் ஒரே வரியில் இருக்கின்றன. கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 10ஆம் பிரிவிலும் அதே வரி உண்டு. வழக்கறிஞர் அந்த வரியை வாசிக்க, எதிரே உட்கார்ந்திருக்கும் மனைவி தன் கணவரை எதோடு சேர்த்து எழுதச் சொல்கிறார்கள் என்று கேட்கும் காட்சியை யோசியுங்கள். கோபத்தோடு உள்ளே வந்தவர் அந்த இடத்தில் என்ன செய்வார்? என் கணிப்பில் உங்கள் படத்தின் சிறந்த காட்சி அங்கே இருக்கிறது.

ஏமாற்றித் திருமணம் செய்தார் என்று 12ஆம் பிரிவில் திருமணத்தையே செல்லாததாக்கக் கேட்கலாமே என்று தோன்றும். அந்த மோசடி தெரிந்த ஒரு வருடத்துக்குள் மனு செய்ய வேண்டும். தெரிந்த பிறகு விருப்பத்தோடு சேர்ந்து வாழ்ந்திருக்கவும் கூடாது. 'உனக்கு எப்போது தெரியும்?' என்ற கேள்வி இங்கே சட்டக் கேள்வியாகவும் ஆகிறது. உங்கள் கட்டத்தை அப்படியே கூண்டில் ஏற்றலாம். இருவரும் ஒத்துப்போனால் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்து இருக்கிறது. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், அதன்பின் ஆறு மாதக் காத்திருப்பு; இந்தக் காத்திருப்பை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 'ஏன் இவர்கள் பேசாமல் அதைச் செய்யவில்லை?' என்று விஷயம் தெரிந்த பார்வையாளர் நிச்சயம் கேட்பார். நாயகன் கையெழுத்துப் போட மறுக்கிறார் என்றால் ஏன் மறுக்கிறார் என்பது திரைக்கதையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. 1984ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, இரு தரப்பில் ஒருவர் விரும்பினாலே விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும். ஊரே உட்கார்ந்து பார்க்கும் நீதிமன்றத்தை எழுதினால், இவர் ஏன் அப்படிக் கேட்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். கேட்டால் ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும் என்ற பயமே நல்ல காரணம்தான்.

இப்போது அந்தக் காட்சிக்கு வருவோம். நூற்றிருபது நிமிடப் படத்தில் அறுபது, எழுபது காட்சிகள் இருக்கும். பார்வையாளருக்கு உண்மை பதினைந்தாவது காட்சிக்குள் தெரிந்துவிட வேண்டும், மனைவி அதை வாய்விட்டுச் சொல்வது இடைவேளைக்கு முன். இரண்டாம் பாதி முழுக்க அதற்குப் பிறகு ஒரே வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்பது. கடைசிவரை வைத்திருந்தால் ஒரு மனிதருடைய இயல்பு, கொலைகாரன் யார் என்பதுபோல் ஒரு திருப்பமாகிவிடும். அது அவருக்குச் செய்யும் அநியாயம். மடிக்கணினியில் படம் சிக்குவது 'கபூர் அண்ட் சன்ஸ்' படத்தில் வந்துவிட்டது. அங்கே அது வேலை செய்தது, ஏனென்றால் அந்த வீட்டில் அப்பாவுக்கும் ஒரு ரகசியம், அம்மாவுக்கும் ஒரு ரகசியம், எல்லாம் ஒரே நாளில் உடைகின்றன. தனியாக அதை எடுத்து வைத்தால் வெறும் விபத்து. விபத்தில் தெரிவதைவிட, தெரிந்தவர் சொல்லத் துணிவது எப்போதும் வலுவானது.

வசனத்தில் கவனம். 'நான் ஒரு கே. இது என் தப்பில்ல. என்னை மன்னிச்சிடு' என்று அவர் அழுவது போன்ற வரிகள் இருந்தால், அவை பார்வையாளருக்காக எழுதப்பட்டவை. இருபத்திரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் சுற்றிவளைத்துத்தான் தொடுவார்கள். உதாரணத்துக்கு, அந்த இன்னொருவருக்குச் சேகர் என்று பெயர் வைப்போம். இரவு, படுக்கையறை, கணவர் வெளியூரிலிருந்து திரும்பியிருக்கிறார், மனைவி பேச்சைத் தொடங்குகிறார்:

"சேகர் ஊருக்குப் போயிட்டு வந்தா, அன்னிக்கு நைட்டு நீங்க நல்லா தூங்குறீங்க."

"பஸ்ல வந்த அலுப்பு."

"பதினாலு வருஷமா பாக்குறேன்."

"…மாத்திரை போட்டியா நீ?"

"போட்டேன்."

விளக்கு அணைகிறது. இதில் எந்தச் சொல்லும் வரவில்லை, ஆனால் கட்டத்தில் மனைவி நான்காவது நிலைக்கு வந்துவிட்டார், கணவரும் அதைப் புரிந்துகொண்டார். 'காதல்' படத்தில் மேத்யூ கடைசியில் ஓமனாவின் தோளில் சாய்ந்து கடவுளைக் கூப்பிட்டு அழுகிறார். அறிவிப்பு இல்லை, விளக்கம் இல்லை. அதற்கு முன்னால் மூவரின் மௌனத்தையும் நாம் பார்த்துவிட்டதால் அந்த ஒரு கூப்பாடு போதுமானதாகிறது.

சொற்களையும் ஆளுக்கு ஆள் பிரியுங்கள். அம்மா 'ஒரு மாதிரி' என்பார், அப்பா 'அந்தப் பழக்கம்' என்பார், மைத்துனர் தெருவில் கேட்கிற வசைச்சொல்லைச் சொல்வார், மகன் 'கே' என்று சாதாரணமாகச் சொல்வான். தமிழ்நாடு அரசு 2022இல் இதற்கான தமிழ்ச் சொற்பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. நாளிதழ், நீதிமன்றம், ஆலோசகர் வரும் காட்சிகளுக்கு அதைப் பாருங்கள். வீட்டுக்குள் அந்தச் சொற்களை வைத்தால் ஒட்டாது.

முடிவில் அவரைக் கொல்லாதீர்கள், ஊரைவிட்டும் ஓடவைக்காதீர்கள். இரண்டுமே எழுதுபவர் கைகழுவும் வழிகள். அப்பா கண்ணீரோடு கட்டிப்பிடித்து 'நீ என் புள்ளடா' என்று நீளமாகப் பேசுவதும் அதே வகைதான். மனைவிக்கு ஒரு முடிவு தனியாக வேண்டும். அவர் தியாகி ஆகக் கூடாது. 'காதல்' படத்தில் ஓமனா அடுத்த வாழ்க்கையை நோக்கி ஓர் அடி வைக்கிறார், மேத்யூ தேர்தலில் ஜெயிக்கிறார். தேர்தல் வெற்றி எனக்குக் கொஞ்சம் வேகமான ஆறுதலாகப் படுகிறது, ஓமனாவுக்குத் தந்த முடிவு மிகச் சரி. உங்கள் நாயகனுக்குத் திருமணம் என்ற வழி இன்றைய இந்தியச் சட்டத்தில் இல்லை. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆகவே அவரும் சேகரும் ஒரே வீட்டில் குடியேறுவதாக முடித்தால், வாடகை ஒப்பந்தத்தில் யார் பெயர், வீட்டுக்காரரிடம் என்ன சொன்னார்கள், மருத்துவமனைப் படிவத்தில் 'உறவு' என்ற கட்டத்தில் என்ன எழுதுவார்கள் என்பதையும் யோசித்துவிட்டு எழுதுங்கள். படிவத்தின் அந்தக் கட்டமே ஒரு கடைசிக் காட்சியாகலாம்.

தயாரிப்பாளரிடம் போகும்போது இரண்டு கேள்வி வரும். தணிக்கை: பொருள் இது என்பதற்காகவே தடை கிடையாது, காட்சியின் நடத்தையை வைத்துத்தான் சான்றிதழ். வெளிநாட்டு வசூல்: 'காதல்' படத்துக்கே சில வளைகுடா நாடுகளில் திரையிட அனுமதி கிடைக்கவில்லை, அந்த வருமானத்தைக் கணக்கில் சேர்க்காமல் செலவைத் திட்டமிடச் சொல்லுங்கள். வரைவு முடிந்ததும் திருமணத்துக்குள் இருந்து வெளியே வந்த தன்பாலீர்ப்பாளர் ஒருவரிடமும், அப்படி ஒருவரைக் கணவராகக் கொண்டிருந்த பெண் ஒருவரிடமும் தனித்தனியாக வாசிக்கக் கொடுங்கள். வாசிப்பதற்கு உரிய ஊதியமும் கொடுங்கள். இருவரும் ஒரே காட்சியைப் பற்றி எதிரெதிராகச் சொன்னால், அந்தக் காட்சியில் கை வைக்காதீர்கள்.